மூக்கண்டப்பள்ளிக் கூரையும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும்

ஆத்தூரில் எனக்கு ஒரு தையல் கூடம் இருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கிறோம். சிமென்ட் ஷீட் கூரை, தாழ்வான கட்டடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்திலும் உள்ளே டியூப் லைட் எரிந்தால்தான் ஊசி முனை தெரியும். இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கூரை வேலை செய்யும் முருகேசன் வந்து நின்றுவிட்டார். நடுநடுவே சிமென்ட் ஷீட்டை எடுத்துவிட்டு டிரான்ஸ்பரன்ட் ஷீட் போட்டால் பகலில் விளக்கே வேண்டாம் என்றார். ஷீட்டை வண்டியில் ஏற்றியாகிவிட்டது, நாளைக் காலை ஏணியோடு வருகிறேன் என்று வேறு அவசரப்படுத்தினார்.

எனக்கு யாராவது அவசரப்படுத்தினால் பிடிக்காது. "ஒரு நாள் பொறுங்க. போட்டவங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். சூளகிரியில் முருகேசன் சொன்ன ஓர் அட்டைப்பெட்டி ஷெட், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் தோழி ஸ்டெல்லாவின் ஷெட். இரண்டிலும் கூரையை மாற்றியிருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கிளம்பினேன். இதே வேலைக்காக அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் போனது கூரையைப் பார்க்க, பார்த்ததோ வேறு.

காலை ஐந்து மணிக்கு ஆத்தூரில் பஸ் ஏறினேன். சேலத்தில் மாறி, கிருஷ்ணகிரி போய்ச் சேர ஒன்பது ஆகிவிட்டது. அங்கிருந்து சூளகிரி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஓசூர் போகும் எல்லா பஸ்ஸும் சூளகிரியில் நிற்காது. சில மேம்பாலத்தில் ஏறிப் பறந்துவிடும். ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஏறினேன். குருபரப்பள்ளி தாண்டும்போதுதான் அவர், "சூளகிரியா? நிக்காதும்மா. சர்வீஸ் ரோட்டுல ஸ்லோ பண்றேன், சட்டுனு எறங்கிக்கோ" என்றார். ஐம்பது வயதை நெருங்குகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? திட்டிக்கொண்டே இறங்கினேன்.

அட்டைப்பெட்டி ஷெட் நாகராஜ் அண்ணனுடையது. முருகேசன் அனுப்பினார் என்றதும் டீ வந்தது. கூரையில் வரிசை வரிசையாக டிரான்ஸ்பரன்ட் ஷீட், உள்ளே திருவிழா மாதிரி வெளிச்சம். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"பகல்ல ஒரு லைட்டு போடறதில்லீங்க. சுவிட்சே மறந்துபோச்சு" என்றார் அண்ணன். அவர் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. ஏனென்றால் சுற்றிலும் ஆள் உயர ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் ஆளுக்கு ஒன்று இருக்கும் போலிருந்தது.

"இதெல்லாம் முன்னாடியே இருந்ததாண்ணா?"

"இல்ல, ஷீட்டு மாத்தனப்புறம் வாங்கனது. மேல இருந்து அனல் எறங்குதில்ல? ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க."

விளக்கை அணைத்துவிட்டு ஃபேனை ஓட்டுகிறார். இந்தக் கையில் மிச்சம் பிடித்து அந்தக் கையில் விடுகிற கணக்கு. அதை முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை. டீ நன்றாக இருந்தது. வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளில் அச்சு வெளுத்திருந்ததை மட்டும் காட்டினேன். "அத அந்தப் பக்கம் திருப்பி வெச்சுடுவோங்க" என்றார்.

அப்போதுதான் ஸ்டெல்லாவின் போன் வந்தது.

ஸ்டெல்லாவும் நானும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவர்கள், ஹாஸ்டலில் ஒரே அறை. ஆம்பளைப் பசங்க நடுவே வகுப்பில் நாங்கள் இருவர் மட்டுமே பெண்கள் என்பதால் சண்டை போட்டாலும் பிரிய வழியில்லாமல் ஒட்டிக்கொண்டவர்கள். இப்போது அவள் ஷெட்டில் பெண்கள் ரப்பர் வளையங்களைச் சோதிக்கிறார்கள். எஞ்சினில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற கறுப்பு வளையம். குழந்தையின் கைவளையல் அளவு. ஒவ்வொன்றையும் இரண்டு கட்டை விரலில் மாட்டி இழுத்துச் சுழற்றி, எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முடி அளவு வெடிப்பு இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

"வசந்தி, எங்கடி இருக்க? வர்றதுன்னா இப்பவே வா. இல்லன்னா இன்னைக்கு வராத" என்றாள். குரல் சரியில்லை.

விஷயம் இதுதான். கூரை மாற்றிய பிறகு இரண்டு முறை அவள் அனுப்பிய சரக்கில் வெடித்த வளையம் போய்விட்டது. இரண்டு முறையும் வேலை கொடுக்கும் கம்பெனி திருப்பி அனுப்பியது. இன்று மூன்று மணிக்கு அவர்களுடைய ஆள் பிரகாஷ் நேரில் வருகிறார். சோதித்து வைத்த பெட்டியில் கையை விட்டு எடுப்பார். ஒன்று வெடித்திருந்தாலும் வேலை முழுவதும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கும் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். இவளுக்கு வேறு கம்பெனி வேலை கிடையாது. இருபது பெண்களுக்கும் நாளை முதல் வேலை கிடையாது.

சூளகிரியிலிருந்து கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் வந்தேன். பஸ் நிலையத்திலிருந்து மூக்கண்டப்பள்ளி நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார். தமிழில் பேரம், போனில் கன்னடம், குறுக்கே வந்த பைக்காரனுக்குத் தெலுங்கில் அர்ச்சனை. "பன்னெண்டு மணிக்கு ஷிப்ட் பஸ் எல்லாம் திரும்பும் மேடம், அதுக்குள்ள தாண்டிடணும்" என்று சொல்லிக்கொண்டே லாரிகளுக்கு நடுவில் புகுந்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஷெட் வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். சர்ச் ஃபாதர் வந்து மந்திரித்துப் புதுக் கூரையைத் திறந்து வைத்த அன்று கட்டியது. அதில் ஸ்டெல்லா பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறாள். உள்ளே இருந்த ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"கண்ண எங்கம்மா வெச்சிருக்கீங்க? இவ்ளோ வெளிச்சம் போட்டுக் குடுத்தும் தெரியலன்னா நான் என்னா பண்றது?" என்று கத்திக்கொண்டிருந்தாள். மேசைகளில் பெண்கள் தலை நிமிராமல் வளையத்தை இழுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் நெற்றி வரைக்கும் இழுத்து முக்காடு போட்டிருந்தார்கள்.

"அனல் தாங்காம போட்டுக்கறாங்க" என்றாள் ஸ்டெல்லா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சூளகிரியில் பார்த்துவிட்டு வந்தவள் ஆயிற்றே, உடனே ஃபேனைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்தேன். நானும் நாலு வளையம் பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் பெயர் மஞ்சுளா. ஷெட் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள், மற்றவர்களுக்கு வேலை பழக்கியவளும் அவள்தான். வீட்டில் தெலுங்கு. நான் பழகிக்கொள்வதற்காக வெடித்த வளையம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். இழுத்தேன், சுழற்றினேன். கூரையிலிருந்து கொட்டுகிற வெளிச்சத்தில் வளையம் முழுக்க ஒரே பளபளப்பு. இன்னொரு சுற்று பார்த்தேன். வெடிப்பு எங்கே என்று எனக்குத் தெரியவே இல்லை. இருக்கிறது என்று தெரிந்து தேடியும் தெரியவில்லை. இந்த மேசையில் உட்கார்ந்து இவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அந்தப் பதற்றத்தில் வளையம் விரலிலிருந்து தெறித்து மேசைக்கு அடியில் ஓடியது. குனிந்து எடுத்தேன். அடியில் இருட்டு. வாசல் ஷட்டர் வழியாகத் தரையோடு சாய்ந்து வந்த வெளிச்சம் மட்டும் இருந்தது. அங்கேயே இழுத்துப் பார்த்தேன். வெடிப்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

மேலே வந்து பார்த்தேன், காணோம். மறுபடி அடியில் போனேன், இருந்தது. நான் இப்படி மேலும் கீழும் போய் வருவதை மஞ்சுளா பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மஞ்சுளா, இந்த முக்காடு அனலுக்கா?"

அவள் கண் ஸ்டெல்லா பக்கம் போய் வந்தது.

"வெளிச்சத்த மறைக்கவா போட்டிருக்க?"

"நீங்க சொல்லாதீங்க்கா" என்றாள் மெதுவாக.

நான் சொல்லாமல் இருக்கிற ஜாதி இல்லை. "ஸ்டெல்லா, இங்க வாடி" என்று கூப்பிட்டு, அவளையும் மேசைக்கு அடியில் குனிய வைத்தேன். மணி பன்னிரண்டே முக்கால். அவள் அடியில் உட்கார்ந்து வளையத்தைச் சுழற்றினாள். எழுந்து நின்று சுழற்றினாள். முகம் கறுத்துவிட்டது.

வெளிச்சம் அதிகமானால் நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கறுப்பு ரப்பரில் அது நடக்காது. வெடிப்பு தெரிவதற்கு அதன் ஓரத்தில் விழும் நிழல்தான் காரணம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் இருக்கும். தலைக்கு மேலே நாலா பக்கமும் கொட்டினால் நிழல் எங்கிருந்து வரும்? எலெக்ட்ரிகல் படித்த இரண்டு பேருக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. கூரையைப் பார்க்கிற அவசரத்தில் ஸ்டெல்லா வளையத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்று பெண்களைப் பார்த்து ஸ்டெல்லா கேட்டாள். "மஞ்சுளா, தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா. ரெண்டாவது நாளே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் சொல்லல? வேலையே போவப் போவுது, வாயில என்னா கொழுக்கட்டையா?"

மஞ்சுளா எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "இருட்டா கீது, கண்ணு வலிக்குதுன்னு நாங்கதானக்கா சொன்னோம். எங்களுக்காகத்தான் கூரையப் பிரிச்சீங்க. ஃபாதரக் கூட்டி வந்து எல்லாருக்கும் பிரியாணி போட்டீங்க. அதுவும் ஆவலன்னு எந்த வாயால சொல்றது? முக்காடு போட்டுச் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சோம்."

ஸ்டெல்லா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபத்தைத் தாங்கத் தெரியும். இதைத் தாங்கத் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. பெட்டிகளில் இருந்த சரக்கு முழுவதும் இந்த வெளிச்சத்தில் தேறியது. திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், மூன்று மணிக்குள்.

முதலில் கூரையை மூட வேண்டும். தார்ப்பாய் தேடி ஆள் அனுப்பினால் போய் வரவே ஒரு மணி நேரம் ஆகும். நான் வாசலைப் பார்த்தேன். ஸ்டெல்லாவும் பார்த்தாள். "கழட்டுடி" என்றாள். முதுகுப்பக்கம் கறுப்பாக இருக்கும் நல்ல கெட்டி ஃபிளெக்ஸ். நாலு பேர் ஏணியில் ஏறி, மேசைகளுக்கு நேர் மேலே, ஷீட்டுக்குக் கீழே கம்பியோடு கம்பியாகக் கட்டினார்கள். போதாததற்குப் சர்ச் திருவிழாவுக்கு அடித்த பழைய பேனர் ஒன்று பரணில் இருந்தது, அதையும் கட்டினோம். கீழே மேசைகள் மட்டும் நிழலாயின. கூடத்தின் மற்றப் பகுதி வெளிச்சமாகவே இருந்தது.

கழற்றிப் போட்ட பழைய டியூப் லைட்டுகளை ஸ்டெல்லா எடுத்து வந்தாள். ஒவ்வொரு மேசையின் இடது ஓரத்திலும், முகத்தில் அடிக்காமல், மார்பு உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினோம். இருபத்தைந்து வருடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து ஒயர் சீவினோம். அவள் இன்னும் பல்லால்தான் சீவுகிறாள்.

ஒன்றரைக்கு வேலை ஆரம்பித்தது. யாரும் சாப்பிடவில்லை. ஏற்கெனவே தேறி பெட்டியில் போன வளையங்களிலிருந்து வெடித்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றை ஒரு டீ டம்ளரில் போட்டார்கள். டம்ளர் பாதி ஆனது. பிறகு நிறைந்தது. இந்த டம்ளரில் ஒன்று பிரகாஷ் கையில் அகப்பட்டிருந்தால் போதுமே.

இரண்டரைக்கு வெளியே மேகம் கட்டிக் காற்று தூக்கியது. மே மாத ஓசூரில் இது வழக்கம்தான். டியூப் லைட் ஒரு தரம் சிமிட்டியது, அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

"அய்யோ தேவுடா" என்று மஞ்சுளா தலையில் கை வைத்தாள். மேலே பேனர், வெளியே மேகம். மேசையில் கை தெரிகிறது, கையில் இருக்கும் வளையத்தின் வெடிப்பு தெரியவில்லை. பேனரை அவிழ்க்கட்டுமா என்று ஒருத்தி ஏணியில் கால் வைத்தாள்.

"வேணாம், எறங்கு" என்றாள் ஸ்டெல்லா. நான் குனிந்து வளையம் தேடிய இடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேசையெல்லாம் வாசலுக்குத் தள்ளுங்க. ஷட்டர இடுப்பு வரைக்கும் எறக்குங்க."

இரும்பு மேசைகள் தரையில் கீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தன. ஷட்டரைப் பாதி இறக்கியதும் மேலே வானம் மறைந்து, கீழே ஓர் அகலமான வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் உள்ளே வந்தது. மேக மூட்டத்து வெளிச்சம்தான்; ஆனால் வளையத்தை அதற்கு எதிரே பிடித்தால் வெடிப்பு தெரிந்தது. டியூப் லைட்டில் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முக்காட்டை எடுத்தார்கள்.

பிரகாஷ் மூன்றரைக்கு வந்தார். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டியிருந்ததால் முகத்தில் எரிச்சலோடுதான் வந்தார். "என்னாங்க, கூரை மாத்தி அமர்க்களம் பண்ணீங்க, இப்ப இருட்டுல வேலையா?" என்றார். ஸ்டெல்லா பெட்டியைக் காட்டினாள்.

அடியிலிருந்து ஒரு கை, நடுவிலிருந்து ஒரு கை அள்ளினார். ஷட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சுழற்றி நகத்தால் கீறிப் பார்த்தார். மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். அது வெறும் தூசி. ஊதிவிட்டுப் பெட்டியில் போட்டார். கடைசி வளையத்தையும் போட்டுவிட்டு, "வண்டி அனுப்பறேன், ஏத்திடுங்க. அடுத்த லோடு வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனார்.

யாரும் கைதட்டவில்லை. மஞ்சுளா தண்ணீர் குடிக்கப் போனாள். ஸ்டெல்லா எல்லோர் முன்னாலும் நின்று, "இனிமே நான் செய்யறது நல்லால்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். யாரா இருந்தாலும் சரி" என்றாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த மஞ்சுளா, "அப்ப ஒண்ணு சொல்லட்டாக்கா?" என்றாள்.

"சொல்லு."

மஞ்சுளா மேலே கை காட்டினாள். பேனரில் ஸ்டெல்லா கீழே பார்த்துப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அத மட்டும் திருப்பிக் கட்டிருங்கக்கா. தலைக்கு மேலயே நின்னு பாக்கற மாதிரி பயமா கீது."

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான்.

இதே போலப் பார்த்துவர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் போகாதீர்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் போனால்தான் கூரையின் உண்மை முகம் தெரியும். ஷெட் முதலாளியிடம் விளக்கைப் பற்றிக் கேட்டால் ஃபேனைப் பற்றியும் கேளுங்கள். கூரையில் திறப்பதாக இருந்தால் நடைபாதை, சரக்கு ஏற்றும் இடம், பாக்கிங் பகுதிக்கு மேலே திறந்தால் போதும்; கூர்ந்து பார்க்கிற வேலைக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், கரண்ட் விளக்கு வேண்டும் என்றால் மேசைக்கு ஒன்று தாழ்வாகக் கட்டுங்கள், அது வேலை நடக்கிற இடத்தில் மட்டும் எரியட்டும். பழைய சிமென்ட் ஷீட்டை அறுக்க விடாதீர்கள், முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஓசூரில் மாலை நாலரைக்கு மேல் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுதான் வர வேண்டும். நான் அப்படித்தான் வந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையில் கை வைக்கும் முன் கீழே உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை முருகேசனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, என் தையல் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். "இங்க வெளிச்சத்துல என்ன குறை?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லைங்க்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்கள், ஒரே குரலில்.

நேற்றைக்கு முன்தினம் என்றால் அதோடு கேட்பதை விட்டுவிட்டு ஏணியை எடுத்து வரச் சொல்லியிருப்பேன். இன்னொரு தரம் கேட்டேன். மூன்றாவது தரம் கேட்டபோது, பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பரிமளா மெதுவாக, "கெழக்கு ஜன்னல மறைச்சுட்டு உங்க பீரோ நிக்குதில்லீங்க்கா..." என்று இழுத்தாள்.

பீரோவை நகர்த்தினோம். ஏழு வருடம் கழித்து அந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, பரிமளாவின் மெஷின் மேல் சாய்ந்து விழுந்தது. அவள் கையை நீட்டித் தன் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தாள்.